"இந்த ஆராதனையின் கருத்து என்ன?" – ஆயர்களுக்கும் போதகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்த் திருச்சபைகளின் ஆயர்களுக்கும் போதகர்களுக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் ஸ்தோத்திரம்.

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சபை ஒன்றில் பல வருஷமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறவள் நான். போன வருஷம் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தின் கடைசி ராத்திரி. எருசலேம் போய்வந்த ஊழியர் ஒருவர் அங்கே வாங்கிய ஆட்டுக்கடாக் கொம்பை மைக் பக்கத்தில் வைத்து ஊதினார். "சத்துருவின் கோட்டை இடிகிறது" என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள், அழுதார்கள். பக்கத்தில் இருந்த ஆறாம் வகுப்புப் பையன் என் சேலையை இழுத்து, "டீச்சர், இத எதுக்கு ஊதுறாங்க?" என்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம்தான் தேடிப் படித்தேன்.

ஷோஃபார் என்கிற அந்தக் கொம்பை யூதர்கள் தங்கள் காலண்டரின் ஏழாம் மாதத்தின் முதல் நாளில், எக்காளப் பண்டிகையில் ஊதுகிறார்கள். அன்றைக்கு ஜெப ஆலயத்தில் நூறு முறை ஊதுவது வழக்கம். மனந்திரும்பு என்று தூங்குகிற மனசாட்சியை எழுப்புகிற சத்தம் அது. அந்த மாதம் பத்தாம் தேதி பாவநிவாரண நாள். மனுஷனுக்கு மனுஷன் செய்த குற்றத்தை, அந்த மனுஷனைச் சமாதானப்படுத்தும்வரை பாவநிவாரண நாள் தீர்க்காது என்று மிஷ்னா என்ற பழைய யூத நூல் சொல்கிறது. அதனால் இடையில் உள்ள நாட்களில், யாரை நோகடித்தோமோ அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்கிறார்கள். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னது இதே ஜனத்திடம்தானே? இடத்தகராறில் வருஷக்கணக்காகப் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகள் ஒரே வரிசையில் முழங்கால்போட்டு நற்கருணை எடுப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கொம்பு ஊதவேண்டுமானால் அவர்களுக்காக ஊதுங்கள்.

என் மனசை அதிகம் தொட்டது கூடாரப் பண்டிகை. ஏழு நாள், தழை வேய்ந்த ஒரு பந்தலுக்குள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கூரையின் இடுக்கு வழியாக நட்சத்திரம் தெரியவேண்டும் என்பார்கள். நம் புரட்டாசியிலோ, சில வருஷம் ஐப்பசித் தொடக்கத்திலோ அது வரும். நாம் குளம் பெருகுமா என்று வானத்தைப் பார்த்து நிற்கும் அதே சமயத்தில், அவர்கள் முன்மாரி என்னும் முதல் மழைக்காக ஜெபம்பண்ணுகிறார்கள். எருசலேமில் யூதரின் தேவாலயம் இருந்த காலத்தில், பண்டிகை நாட்களின் காலையில் சீலோவாம் குளத்துத் தண்ணீரைப் பொன்பாத்திரத்தில் மொண்டுவந்து பலிபீடத்தில் ஊற்றினார்கள். அந்த மகிழ்ச்சியைக் காணாதவன் வாழ்நாளில் மகிழ்ச்சியையே கண்டதில்லை என்று மிஷ்னாவில் இருக்கிறது. ராத்திரியில் பெரிய விளக்குத்தண்டுகளை ஏற்றினார்கள். ஆசாரியர்களின் பழைய உடுப்புகளைக் கிழித்துத் திரி போட்டார்கள். இப்போது யோவான் 7-ஐத் திறந்து பாருங்கள். இந்தப் பண்டிகையின் கடைசி நாளில்தான் இயேசு எழுந்து நின்று, "ஒருவன் தாகமாயிருந்தால் என்னிடத்தில் வந்து, பானம்பண்ணக்கடவன்" என்று சத்தமிட்டார். அடுத்த அதிகாரத்தில் "நான் உலகத்திற்கு ஒளியாயிருக்கிறேன்" என்கிறார். அதற்கடுத்த அதிகாரத்தில் பிறவிக் குருடனை அதே சீலோவாமுக்கு அனுப்புகிறார். அந்தக் காலத்துக் குளத்தின் படிக்கட்டுகள் 2004-இல் எருசலேமில் கழிவுநீர்க் குழாய் வேலையின்போது வெளிப்பட்டன. இந்த மூன்று அதிகாரங்களையும் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். ஒருவரும் அந்தத் தண்ணீரைப் பற்றிச் சொன்னதில்லை.

அந்தப் பண்டிகையில் அவர்கள் கையில் பிடிப்பது விரியாத பேரீச்சங்குருத்து. அப்போது பாடும் 118-ஆம் சங்கீதத்தில் "கர்த்தாவே, இரட்சியும்" என்று வரும் எபிரெயச் சொற்களிலிருந்துதான் நம் "ஓசன்னா" வந்தது. பிள்ளைகள் கையில் நாம் கொடுக்கும் குருத்தோலைக்கு இவ்வளவு கதை இருக்கிறது.

இதையெல்லாம் நாமும் அனுசரிக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பண்டிகைநாளைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியது போதும். பெரிய வியாழனன்று, எகிப்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பஸ்கா விருந்தை நடத்தி, ஆண்டவர் மேலறையில் செய்தது அப்படியே இதுதான் என்று சொல்லும் சபைகளும் இருக்கின்றன. இன்றைக்கு யூதர்கள் வீடுகளில் நடக்கும் பஸ்கா முறை, கி.பி. 70-இல் தேவாலயம் இடிக்கப்பட்ட பிறகு உருவானது. அவர்கள் இன்றும் உயிரோடு ஆசரிக்கிற ஒன்றை நாம் நாடகமாக ஆக்கவேண்டாம். ஆனால் அதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். அந்த விருந்தில், எகிப்தியர்மேல் வந்த பத்து வாதைகளின் பெயரைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டுத் திராட்சரசத்தை எடுத்துவிடுகிறார்கள். செத்தது எதிரியானாலும் நம் சந்தோஷக் கிண்ணம் அந்த அளவுக்குக் குறையவேண்டும் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அதைப் படித்த அன்று வெகுநேரம் புத்தகத்தை மூட முடியவில்லை.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பெரிய வெள்ளிப் பிரசங்கத்தில் "யூதர்கள் ஆண்டவரைக் கொன்றார்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக யூதர்கள் தங்கள் பஸ்கா காலத்தைப் பயத்தோடு கழித்ததற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம். 1903-இல், அப்போதைய ருஷ்யப் பேரரசில் இருந்த கிஷினேவ் நகரத்தில் அவர்கள்மேல் கொலைவெறித் தாக்குதல் தொடங்கியது ஈஸ்டர் ஞாயிறன்று. 49 பேர் செத்தார்கள். இயேசுவின் சாவுக்கு யூதர் எல்லார்மேலும் பழி சுமத்தக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965-இல் சங்கம் கூடி அறிவித்தது. நம் மேடைகளில் அந்த வாக்கியம் இன்னும் சாதாரணமாகக் கேட்கிறது. "நீ வேரைச் சுமக்காமல், வேர் உன்னைச் சுமக்கிறதென்று நினைத்துக்கொள்" என்று, இஸ்ரவேல் என்ற மரத்தில் ஒட்டவைக்கப்பட்ட கிளைகளான புறஜாதியாருக்காக ரோமாபுரிச் சபைக்கு எழுதப்பட்டது நமக்கும்தான்.

யாத்திராகமம் 12-இல், "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று பிள்ளைகள் கேட்டால் என்ன பதில் சொல்லவேண்டும் என்றே மோசே சொல்லிக்கொடுக்கிறார். எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை ஞாயிறு பள்ளி ஆசிரியர்களைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் உட்காருங்கள். லேவியராகமம் 23-ஐயும் யோவான் 7-ஐயும் எங்களோடு சேர்ந்து வாசியுங்கள். டீயும் வடையும் நாங்கள் கொண்டுவருகிறோம்.

கர்த்தருக்குள் அன்புடன்,
ஒரு ஞாயிறு பள்ளி ஆசிரியை