தோள் தையல் எங்கே நிற்கிறது, பார்

அன்பு மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். வேலைக்கு எப்படி உடுத்திப் போவது என்று ப்ளஸ் டூ தொழிற்கல்விப் பிள்ளைகளுக்கு ஒரு பீரியட் எடுக்க வேண்டும், என்ன சொல்லலாம் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், அதனால்தான் கடிதம்.

பள்ளியில் இத்தனை வருஷமும் அந்தப் பிள்ளைகள் கேட்டது 'கூடாது' என்ற ஒரே சொல்லைத்தான். சட்டையை வெளியே விடக் கூடாது, பேண்ட்டை டைட்டாகப் பிடிக்கக் கூடாது, கையில் கயிறு கூடாது. காரணத்தை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் கேட்டைத் தாண்டியதும் சட்டை வெளியே வந்துவிடுகிறது. நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்தில் காலையில் வாசலில் நின்று பார்க்க பி.டி. வாத்தியார் இருக்க மாட்டார். என்ன உடுத்துவது என்று அவர்களே யோசித்து முடிவெடுக்க வேண்டும். அதனால் ஒவ்வொன்றையும் காரணத்தோடு சொல். கயிற்றையே எடுத்துக்கொள். சாதி அடையாளமாக வண்ணக் கயிறு கட்டுவதைப் பள்ளிகளில் தடுக்க வேண்டும் என்று தமிழக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. அது ஒரு காரணம். மெஷினில் மாட்டினால் அந்தக் கயிறு அறாது, மணிக்கட்டோடு இழுக்கும். இது இன்னொரு காரணம். இரண்டையும் சொல்.

லேத், டிரில்லிங் மெஷின் பக்கம் போகிற பிள்ளைகளுக்கு அதிக நேரம் ஒதுக்கு. ஓடுகிற மெஷினுக்கு எண்ணெய் விடுவது, பெல்ட்டைச் சரிசெய்வது போன்ற வேலைகளைப் பயிற்சி பெற்றவர் இறுக்கமான உடையோடுதான் செய்ய வேண்டும், அந்த உடையை முதலாளிதான் தர வேண்டும் என்று 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவு சொன்னது. உடை என்பது அங்கே உயிர்ப் பாதுகாப்பு. முழுக்கைச் சட்டை என்றால் மணிக்கட்டில் பட்டன் போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் அரைக்கை போதும். மோதிரம், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எதுவும் வேண்டாம். ஷாலைக் குறுக்காகப் போட்டுப் பின்னால் முடிச்சுப் போட்டால் போதும் என்று பெண்பிள்ளைகள் நினைப்பார்கள். குனியும்போது முடிச்சு நெகிழ்ந்து நுனி முன்னால் விழும். ஷாலைக் கழற்றிவிட்டு, மேலே ஓவர்கோட்டைப் பட்டன் போட்டுக்கொள்வதுதான் சரி. சடையைத் தூக்கிக் கட்டித் தொப்பிக்குள் விட வேண்டும், ரிப்பன் வால் வெளியே தொங்கக் கூடாது.

கையுறை போட்டால் பாதுகாப்பு என்று எல்லாப் பிள்ளைகளும் நம்புவார்கள். சுற்றுகிற டிரில்லுக்கு முன்னால் கையுறைதான் ஆபத்து. ஒரு நூல் மாட்டினாலும் விரலை உள்ளே இழுத்துவிடும்.

வெல்டிங்கில் வேறு கணக்கு. அங்கே தோல் கையுறை கட்டாயம். பாலியஸ்டர் கலந்த துணி உருகித் தோலில் ஒட்டும், அதனால் கனமான பருத்திதான் வேண்டும். பேண்ட் அடியை மடித்துவிட்டிருந்தால் தீப்பொறி மடிப்பில் தங்கும். பேண்ட்டை ஷூவுக்குள் செருகினாலும் பொறி உள்ளே இறங்கும். ஷூவுக்கு மேலே நேராகத் தொங்க வேண்டும்.

துணிக்கடை, சூப்பர் மார்க்கெட் வேலைக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டியது செருப்பைத்தான். ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தாலும், நாளில் பெரும்பகுதி நின்றுதான் ஆக வேண்டும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும், அப்போது போய் வாங்கச் சொல். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். ஆபீஸ் வேலையைப் பற்றி நீட்ட வேண்டாம். அரசு அலுவலகத்துக்கே 2019 ஆணைப்படி பேண்ட் சட்டை, வேட்டி, சேலை, ஷாலோடு சுடிதார், இவ்வளவுதான்.

இனி இன்டர்வியூ. விலை உயர்ந்த சட்டையை விட அளவு சரியான சட்டைதான் கண்ணுக்கு நன்றாக இருக்கும். ஒரு பையனை முன்னால் நிறுத்திக் காட்டு. தோள் தையல் தோள் எலும்பு முடிகிற இடத்தில் நிற்க வேண்டும். கையில் இறங்கினால் அண்ணன் சட்டை மாதிரி தெரியும், கழுத்துப் பக்கம் ஏறினால் கையைத் தூக்கும்போது சட்டை பேண்ட்டை விட்டு வெளியே வரும். காலர் பட்டன் போட்ட பிறகு இரண்டு விரல் நுழைய வேண்டும். மார்புச் சுற்றளவுக்கு மேல் நாலு அங்குலம் லூஸ் போதும். கை நீளத்தையும் உடம்பு நீளத்தையும் எளிதாகக் குறைக்கலாம், தோளைத் திருத்துவது சட்டையையே பிரித்துத் தைப்பது மாதிரி. அதனால் வாங்கும்போது தோளை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

புதுத் துணி வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் உன் வகுப்பில் இருப்பார்கள். விலையில்லாச் சீருடை எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மேல் வகுப்புக்குப் பெற்றோர்தான் துணி எடுக்கிறார்கள். அந்தப் பேண்ட்டையே இன்டர்வியூவுக்குப் போடலாம். பேண்ட் தைக்கும்போதே அடி மடிப்பில் இரண்டு அங்குலமும், பின் தையலில் ஒரு அங்குலமும் உள்ளே விடச் சொல்லி டெய்லரிடம் கேட்கட்டும். பதினேழு வயதில் பையன் திடீரென்று வளருவான். ரெடிமேடில் இந்த இடமே இருக்காது. ஒரு சிக்கல், பலமுறை துவைத்த பேண்ட்டின் அடி மடிப்பைப் பிரித்து இறக்கினால் பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும், அது போகாது. ஆகவே நிறம் வெளுப்பதற்கு முன்பே, முதல் வருஷத்துக்குள் இறக்கிவிட வேண்டும். இஸ்திரி போடும்போது துணியை உள்பக்கம் திருப்பிப் போட்டால் டெரிகாட்டன் பளபளக்காது. காலரை முனையிலிருந்து நடுப்பக்கமாகத் தேய்க்க வேண்டும், மாற்றித் தேய்த்தால் சுருக்கம் முனையில் போய் நிற்கும்.

இன்னொன்று, கயல். யாருடைய கிழிசலையும் கசங்கலையும் வகுப்பு நடுவே சுட்டிக்காட்டாதே. ஆறு முதல் பதினாலு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதை மட்டுமல்ல, மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. உன் பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டியவர்களாக இருக்கலாம், ஆனாலும் பதினாறு வயதில் அந்த வலி குறைந்துவிடாது. தனியாகக் கூப்பிட்டு ஊசியும் நூலும் கொடு.

பட்டன் தைக்க ஆண்பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்லிக்கொடு. பட்டன் மேல் ஒரு தீக்குச்சியைக் குறுக்கே வைத்து, அதற்கு மேலாக ஒவ்வொரு ஜோடி ஓட்டையிலும் மூன்று நாலு முறை நூலை ஓட்டட்டும். பிறகு குச்சியை உருவிவிட்டு, பட்டனை மேலே இழுத்து, பட்டனுக்கும் துணிக்கும் நடுவே நூலை நாலு சுற்றுச் சுற்றி அடியில் முடிச்சுப் போட வேண்டும். அந்தச் சின்னக் கழுத்து இல்லாமல் ஒட்டத் தைத்தால் பட்டன் போடும்போது துணி சுருங்கும், நூலும் சீக்கிரம் அறுந்துபோகும்.

வெள்ளைப் பட்டன் இரண்டு டஜன், ஊசிப் பாக்கெட் நாலு, நூல்கண்டு வெள்ளையும் கருநீலமும் தனியாகப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். வந்ததும் சொல்.

அன்புடன்
அப்பா