நீலத் தொட்டியைக் காலி செய்பவரையும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல்கலைக்கழக வளாகங்களில் மறுசுழற்சி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். புதிதாக வைத்த வண்ணத் தொட்டிகள், மாணவர்கள் எடுத்த உறுதிமொழி, சுவர் ஓவியம் எல்லாம் படங்களோடு நன்றாக வந்திருந்தன. ஆனால் கட்டுரை தொட்டியின் வாயோடு நின்றுவிட்டது. உள்ளே விழுந்தது அப்புறம் எங்கே போகிறது, யார் அதை எடுத்துப் போகிறார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. 16 வருடமாக ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கிறேன். அந்த மிச்சக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் நூலகத்திலும் மூன்று தொட்டிகள் வைத்தார்கள். காகிதத்துக்கு நீலம், பாட்டில்களுக்கும் டின்களுக்கும் மஞ்சள், மற்றதெல்லாம் பச்சை. ஒரு நாள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டேன். துப்புரவு வேலை செய்யும் அக்கா மூன்று தொட்டிகளையும் ஒரே கறுப்புப் பையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்றது. "என்னக்கா, எல்லாத்தையும் ஒண்ணாக் கொட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. நீலத் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு கத்தை காகிதத்தை எடுத்துக் காட்டினார். யாரோ ஒரு மாணவருடைய ஆய்வறிக்கையின் முதல் வரைவு, ஏறக்குறைய 80 பக்கம் இருக்கும். அதன் மேல் யாரோ பாதி குடித்த காபிக் கோப்பையை அப்படியே போட்டிருக்கிறார்கள். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பழுப்பேறி, பிழிந்தால் சொட்டும்போல் இருந்தன. "இதைத் தனியாக் கட்டிக் கொண்டுபோனா பழைய பேப்பர் எடுக்குற இடத்துல எடுத்துக்க மாட்டாங்க மேடம். திருப்பி என் வண்டியிலயே ஏத்திவிட்டுடுவாங்க. மூணு மாடிக்கும் ஒரே வண்டி, ஒரே பை. எட்டு மணிக்குள்ள முடிக்கணும். நான் என்ன பண்றது?" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. தொட்டி வாங்கியவர்கள் மூன்று நிறம் வாங்கினார்கள். பையும் வண்டியும் ஒன்றுதான் என்பதை யாரும் நினைக்கவில்லை. தொட்டி வைப்பதற்கு முன்னால் அந்த அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

ஈரமான காகிதத்தை ஏன் வாங்க மாட்டேன் என்கிறார்கள் என்பதை அதற்கப்புறம்தான் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். பழைய காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, மையையும் பின்னையும் பிரித்துவிட்டு, அதிலிருக்கும் நாரை மறுபடியும் தாளாக்குகிறார்கள். ஒவ்வொரு முறையும் நார் குட்டையாகிக்கொண்டே வரும். பொதுவாக ஐந்திலிருந்து ஏழு முறைதான் தாங்கும் என்று சொல்கிறார்கள். எண்ணெய் பட்ட காகிதம் கூழிலும் பிசுபிசுப்பை விடாது. நனைந்து கிடந்த காகிதம் பூசணம் பிடித்து, பக்கத்தில் இருக்கும் நல்ல காகிதத்தையும் கெடுத்துவிடும். அப்புறம் அந்தக் காபிக் கோப்பை. காகிதக் கோப்பைதானே என்று நல்ல எண்ணத்தோடுதான் அதை நீலத் தொட்டியில் போடுகிறார்கள். அதன் உள்பக்கம் மெல்லிய பாலித்தீன் பூச்சு இருக்கிறது. அது இல்லையென்றால் காபி ஒழுகிவிடும். அந்தப் பூச்சைப் பிரிக்கத் தனி வசதி வேண்டும், அது எல்லா ஆலைகளிலும் கிடையாது.

கொஞ்சம் கலந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2018-ல் சீனா பல வகைக் கழிவுகளின் இறக்குமதியை நிறுத்தியது. தொடர்ந்து வாங்கிய பழைய காகிதத்திலும் வேண்டாத பொருள் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. அதாவது 1,000 கிலோ கட்டில் 5 கிலோ. அதுவரை பிரித்ததும் பிரிக்காததுமாக அனுப்பிக்கொண்டிருந்த பல நாடுகள் திகைத்துப்போயின. சேகரித்ததைக் குப்பைமேட்டிலேயே கொட்டிய ஊர்களும் உண்டு. 'போட்டுவைப்போம், எங்கேயாவது யாராவது பிரித்துக்கொள்வார்கள்' என்ற எண்ணத்துக்கு விழுந்த அடி அது. நம் வளாகங்களில் அந்த எண்ணம் இன்னும் போகவில்லை.

மறுசுழற்சிக்கு அடையாளமாகப் போடும் அம்புக்குறி முக்கோணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஒரு பல்கலைக்கழக மாணவர் வரைந்தது. 1970-ல், முதல் புவி நாள் கொண்டாடிய அதே வருடம், ஓர் அட்டைப்பெட்டி நிறுவனம் நடத்திய போட்டிக்காக தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக மாணவர் கேரி ஆண்டர்சன் வரைந்து பரிசு வாங்கினார். அப்போது அவருக்கு 23 வயது. ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகள். எவ்வளவு எளிமையான, எவ்வளவு அழகான யோசனை! ஆனால் 1988-ல் பிளாஸ்டிக் துறையினர் அதே மாதிரி முக்கோணத்துக்குள் 1 முதல் 7 வரை எண்களைப் போட்டார்கள். அந்த எண் எந்த வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது, மறுசுழற்சி ஆகும் என்று சொல்வதில்லை. 1 என்று போட்ட தண்ணீர் பாட்டிலுக்குப் பல இடங்களில் வாங்க ஆள் உண்டு. 6 என்று போட்ட தெர்மாகோல் தட்டுக்கு அனேகமாகக் கிடையாது. அம்புக்குறியைப் பார்த்ததும் நம்பி மஞ்சள் தொட்டியில் போடும் பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். இதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, அந்தக் காலைக்கு அப்புறம் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். அக்காவை உட்காரவைத்து, எந்தத் தொட்டியில் எந்த நேரத்தில் என்ன விழுகிறது என்று கேட்டோம். அரை மணி நேரத்தில் எங்களுக்குத் தெரியாத எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். காகிதம் குவிவது ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில், நாங்கள் நீலத் தொட்டி வைத்ததோ வாசலில். வாசலில் வைத்தால் வருகிறவர்கள் கையில் இருப்பது கோப்பைதான்! நீலத் தொட்டியை மெஷின் பக்கம் நகர்த்தினோம். தாள் நுழையும் அளவுக்கு மட்டும் நீளமான கீறல் போட்ட மூடி வைத்தோம், கோப்பை அதில் நுழையாது. வாசலில் மிச்ச பானத்தைக் கொட்ட ஒரு வாளி, அதன் பக்கத்தில் கோப்பைகளை அடுக்க ஒரு குழாய் வைத்தோம். எந்த இடத்திலும் ஒரு தொட்டியைத் தனியாக வைப்பதில்லை என்று முடிவெடுத்தோம், ஏனென்றால் ஒற்றைத் தொட்டியில் எல்லாமே விழும். வண்டியில் இரண்டாவது பை மாட்ட ஒரு கம்பி வளையம் கேட்டார், பட்டறையில் சொல்லிப் பற்றவைத்துக் கொடுத்தோம். மொத்தத்தில் இந்த வளையம்தான் ஆகச் சின்ன வேலை, ஆனால் எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. அதற்கு அப்புறம் எங்கள் காகிதம் திரும்பி வந்ததில்லை.

விடுதிகளைப் பற்றிக் கட்டுரையில் ஒன்றுமே இல்லாதது எனக்கு வருத்தம். ஒரு வளாகத்தின் குப்பையைப் பார்க்க வேண்டுமென்றால் கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் விடுதிப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். மேசை விளக்கு, வாளி, போர்வை, கண்ணாடி, ஹேங்கர், நான்கு பக்கம் மட்டும் எழுதிய நோட்டுப் புத்தகம், பின்னலாகக் கிடக்கும் சார்ஜர் வயர்கள். போன வருடம் அந்தக் குவியலில் உறை பிரிக்காத ஒரு கால்குலேட்டரைப் பார்த்தேன். இரண்டே மாதத்தில் புதிய மாணவர்கள் வந்து இதே பொருள்களைக் கடையில் வாங்குவார்கள். இவற்றுக்கு மறுசுழற்சி ஆலை எதற்கு? பூட்டி வைக்க ஓர் அறை, பொறுப்பெடுக்க இரண்டு பேர், புதியவர்கள் வரும் வாரத்தில் அதைத் திறந்துவிட ஒரு சாவி. இது போதும். உடைத்துக் கூழாக்கி மறுபடி செய்வதைவிட, இருக்கிறபடியே இன்னொருவர் உபயோகிப்பது எப்போதும் மேல். நோட்டில் மிச்சமிருக்கும் தாள்களைக் கிழித்துக் கோத்து நூலகத்தில் குறிப்பெடுக்க வைத்திருக்கிறோம், ஒரு கட்டு ஒரு வாரம்கூட நிற்பதில்லை.

துறைகளில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர்கள் வேறு வகைச் சங்கடம். வேலை செய்கிறபோதே கொடுத்தால் யாருக்காவது உதவும். ஆனால் கணக்குப் புத்தகத்திலிருந்து நீக்குவதற்குள் கோப்பு மேசை மேசையாக அலைகிறது, அனுமதி வரும்போது அது வெறும் கழிவு. உலகம் முழுக்க 2022-ல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது, அதில் 22.3 சதவீதம்தான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குக் கணக்கு இருக்கிறது என்கிறது ஐ.நா. அறிக்கை. அந்தக் கணக்கில் பூட்டிய அறைகளில் தூசு படிந்து கிடப்பவை எத்தனையோ. ஆய்வகங்களுக்கு ஒரு வேண்டுகோள்: லித்தியம் பேட்டரியை எந்த நிறத் தொட்டியிலும் போடாதீர்கள். குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். அந்த வண்டியோடு போவது மனிதர்கள்.

மறுசுழற்சிப் போட்டிகளைப் பற்றியும் கட்டுரையில் பாராட்டி எழுதியிருந்தீர்கள். 2001-ல் அமெரிக்காவில் ஒஹாயோ பல்கலைக்கழகமும் மயாமி பல்கலைக்கழகமும் இப்படி ஒரு போட்டியை ஆரம்பித்து, பின்னால் நூற்றுக்கணக்கான வளாகங்கள் சேர்ந்தன. நல்லதுதான், பிள்ளைகளுக்கு உற்சாகம் வரும். ஆனால் தொட்டியில் சேர்ந்த எடையை மட்டும் எண்ணினால், அதிகமாக அச்சடித்து அதிகமாக வீசும் துறைதான் ஜெயிக்கும். தாளின் இரண்டு பக்கமும் அச்சடித்த துறைக்கு எடை குறைவாகத்தான் இருக்கும். மொத்தக் குப்பை எவ்வளவு குறைந்தது என்று எண்ணுங்கள். திரும்பி வந்த மூட்டை எத்தனை என்று எண்ணுங்கள்.

வளாகத்தில் பசுமைக் குழு என்று ஒன்று அமைத்தால் அதில் பேராசிரியர்கள் இருக்கிறார்கள், மாணவர் பிரதிநிதி இருக்கிறார். துப்புரவுப் பணியாளர் ஒருவரை நான் இதுவரை அதில் பார்த்ததில்லை. அவர்கள் ஒப்பந்தத்தில் பிரித்து எடுப்பதற்கான நேரம், கையுறை, தனிப் பை எதுவும் எழுதியிருப்பதில்லை. எழுதாத வேலையை அவர்கள் தலையில் கட்டிவிட்டு, ஒரே பையில் கொட்டினார்கள் என்று படம் எடுத்துப் போடுவது நியாயமே இல்லை. நானும் ஒரு காலையில் அப்படித்தான் கேட்டேன், இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை இதைப் பற்றி எழுத நிருபரை அனுப்பும்போது, விழா நடக்கும் மேடைக்கு வேண்டாம். காலை ஆறு மணிக்கு ஏதாவது ஒரு வளாகத்தின் பின்வாசலுக்கு அனுப்புங்கள். வண்டிகள் அந்த நேரத்தில்தான் வந்து நிற்கும். யாரிடம் பேச வேண்டும் என்று அங்கே போனாலே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு பல்கலைக்கழக நூலக ஊழியர்