குடுவைக்காரருக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

வணக்கம்.

ஆற்றில் மீன் செத்து மிதந்த அன்று, ஒரு பாட்டில் தண்ணீரை மொண்டுகொண்டு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து, கண்ணாடிக் குடுவையில் ஊற்றி மேசைமேல் வைத்தார். "அரை மணி நேரம் இதைப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

கலங்கலாக இருந்ததில் பழுப்புத் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி, பஞ்சுபோல் அடியில் இறங்கின. மேலே தெளிந்த நீர். "கழிவைத் தின்கிறது இந்த நுண்ணுயிருங்கதான். இதுங்களுக்குக் காத்து குடுக்கிறதுதான் என் வேலை" என்றார். அந்தக் காற்றை ஊதும் இயந்திரமான புளோயர் சில மணி நேரம் நின்றாலே மண்வாசனை போய் அழுகின முட்டை நாற்றம் வந்துவிடுமாம். 1914-இல் மான்செஸ்டரில் ஆர்டர்னும் லாக்கெட்டும் வெளியிட்ட முறை இது என்று பிறகு படித்தேன். நூறு வருடம் தாண்டியும் வேலையாள் மாறவில்லை.

சரி, மீன் ஏன் செத்தது? முந்தின நாள் மழை. மழைநீர் சாக்கடைக் குழாயில் புகுந்தால், நிலையத்துக்கு வரும் நீர் பெருகி, கசடு படிய நேரமில்லாமல் நுண்ணுயிரோடு சேர்ந்து ஆற்றுக்கே அடித்துக்கொண்டு போய்விடும். கூரைக் குழாயைச் சாக்கடையில் சொருகி வைத்திருந்தது யார்? நாங்கள்தான். என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. சண்டை அதோடு முடிந்தது.

குழாயை மாற்றிக்கொண்ட வீட்டுக்காரர்களுக்கு நன்றி. முணுமுணுத்துக்கொண்டே மாற்றியவர்களுக்குக் கூடுதலாக ஒன்று.

அறிவியல் ஆசிரியைக்கும் அவருடைய மாணவர்களுக்கும்: நீங்கள் விடியுமுன் போய் அளந்ததுதான் விஷயம். இரவில் பாசி ஆக்சிஜனை எடுக்குமே தவிரத் தராது; கரைந்த ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது அந்த நேரத்தில்தான். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல மீன்களுக்குத் திணறல். பகல் பத்து மணிக்கு அளந்திருந்தால் ஆறு நன்றாகத்தான் இருக்கிறது என்று எல்லோரும் கலைந்திருப்போம். உங்கள் நோட்டைப் பார்த்த பிறகுதான் கூட்டத்தில் எங்கள் பேச்சு எடுபட்டது, மாற்று புளோயரும் வந்தது.

பம்ப் அறைத் தொழிலாளர்களுக்கு என்ன சொல்வது? வெட் வைப்ஸ், அதாவது ஈரத் துடைப்புத் தாள், காகிதம்போல் கரையாது. கயிறாக முறுக்கிக்கொண்டு மோட்டாரைப் பிடித்துவிடும். அதைக் கொக்கி போட்டு இழுத்தவர்களிடம் நன்றி சொன்னதற்கு, "டாய்லெட்ல போடாம இருங்க, அது போதும்" என்றார்கள். போடுவதில்லை.

ஆபரேட்டர் இதைப் படித்தால் ஒன்று: அன்று குடுவையைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மன்னிக்கவும்.