கேபின் விலையை அறிவிக்கும் முன் விமான டிக்கெட்டைப் பாருங்கள்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் கப்பல் பயண ஒருங்கிணைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

அக்டோபர், நவம்பரில் ஐரோப்பாவிலிருந்து ஃபுளோரிடாவுக்குத் திரும்பும் கப்பலில் குழுவாக இடம் பிடித்து, "பதினான்கு இரவு, சாப்பாடு உட்பட, தலைக்கு இவ்வளவுதான்" என்று சங்கத்து வாட்ஸப் குழுக்களில் அறிவிக்கிறீர்கள். அந்த விலையில் பொய் இல்லை. கோடை முழுக்க மத்தியதரைக் கடலில் ஓடிய கப்பல் குளிர்காலத்துக்குக் கரீபியன் போயே ஆக வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் மறுபடி ஐரோப்பா திரும்ப வேண்டும். காலிக் கேபின்களோடு கடலைக் கடப்பதைவிட மலிவாக விற்றுவிடுவது கப்பல் நிறுவனத்துக்கு மேல். ஆனால் அறிவிப்பின் அடியில் "விமானச் செலவு தனி" என்று ஒரு வரி போட்டு முடித்துவிடுகிறீர்கள். முன்பணம் கட்டிய பிறகு பார்சிலோனாவுக்கு ஒருவழி டிக்கெட் தேடும் உறுப்பினர், கேபினைவிட விமானத்துக்குக் கூடுதலாகக் கேட்கிறார்களே என்று திகைத்து நிற்கிறார். விமானக் கணக்கைப் போடாமல் கேபின் விலையை அறிவிக்காதீர்கள் என்று கேட்கவே இம்மடல். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதையும் எழுதுகிறோம்.

அமெரிக்காவுக்குள் பறந்து பழகியவர்கள், ஒருவழி என்றால் ரிட்டர்னில் பாதி விலை என்று நினைப்பது இயல்பு. உள்நாட்டில் பெரும்பாலும் அப்படித்தான். அட்லாண்டிக்கைத் தாண்டும் பெரிய நிறுவனங்களிடம் அந்தக் கணக்கு பல நேரம் செல்லாது. அவற்றின் மலிவான கட்டணங்கள் போய்த் திரும்புகிறவருக்கென்றே வகுக்கப்பட்டவை. ஒருவழி கேட்பவர் அலுவல் காரணமாக அவசரமாகப் போகிறவர் என்பது பழைய அனுமானம். அவருக்குத் தனியாக, உயர்ந்த கட்டணம். அதனால்தான் ஒருவழி டிக்கெட், அதே நாளில் கிளம்பும் ரிட்டர்ன் டிக்கெட்டைவிட விலை கூடுதலாக வருகிறது. போட்டியும் பார்ப்பதற்குத் தெரியும் அளவுக்கு இல்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஐபீரியாவோடும், டெல்டா ஏர் பிரான்ஸ்-கேஎல்எம், வர்ஜின் அட்லாண்டிக்கோடும், யுனைடெட் லுஃப்தான்சா குழுமத்தோடும் ஏர் கனடாவோடும் வருமானத்தைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத்தில் இருக்கின்றன. பத்துப் பெயர்கள் திரையில் வந்தாலும் விலை வைப்பவை மூன்று அணிகளே.

அந்த மூன்றுக்கும் வெளியே, ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியாக விலை வைக்கும் நிறுவனங்களை முதலில் பாருங்கள். ரெய்க்யாவிக் வழியாகப் போகும் ஐஸ்லாண்டேர், லிஸ்பன் வழியாகப் போகும் டாப் போர்ச்சுகல், 2021 ஆகஸ்டில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் பறக்கத் தொடங்கிய ஜெட்புளூ, 2022-இல் தொடங்கிய நோர்ஸ் அட்லாண்டிக், பாரிஸ் ஓர்லிக்குப் போகும் பிரெஞ்ச் பீ, கனடாவில் இருப்பவர்களுக்கு ஏர் டிரான்சாட். கூட்டணிகளைச் சேர்ந்த நிறுவனங்களிலும் இரண்டை விட்டுவிடாதீர்கள்: டப்ளின் வழியாகப் போகும் ஏர் லிங்கஸ், அமெரிக்காவிலிருந்து நேரே பார்சிலோனாவில் இறங்கும் லெவல். மலிவு நிறுவனங்களுக்கு ஆயுள் கெட்டி என்று சொல்ல முடியாது. வாவ் ஏர் 2019 மார்ச்சில் ஒரே இரவில் நின்றது. நார்வீஜியன் 2021 ஜனவரியில் நெடுந்தூரச் சேவையைக் கைவிட்டது. பிளே 2025 செப்டம்பரில் மூடியது. டிக்கெட்டைக் கிரெடிட் கார்டில் மட்டும் வாங்கச் சொல்லுங்கள். நிறுவனம் மூடினால் பணத்தைத் திரும்பக் கேட்க அதுதான் வழி.

தேடும்போது குழு ஒருங்கிணைப்பாளர்கள் பலரும் செய்யும் பிழை ஒன்று உண்டு. எட்டுப் பேருக்கு ஒரே தேடலாகப் போடுகிறார்கள். மிகக் குறைந்த கட்டண வகுப்பில் மூன்று இருக்கைகளே மிச்சம் இருந்தால், கணினி மூவருக்கு அந்த விலை, ஐவருக்கு அடுத்த விலை என்று பிரித்துக் காட்டாது. எட்டுப் பேரையும் விலை கூடிய அடுத்த கட்டண வகுப்புக்கு ஏற்றிவிடும். முதலில் ஒருவருக்கு, பிறகு இருவருக்கு, பிறகு நால்வருக்குத் தேடிப் பாருங்கள்; விலை எங்கே தாவுகிறதோ அங்கே குழுவைப் பிரியுங்கள். பத்துப் பேருக்கு மேல் என்றால் நிறுவனத்தின் குழுப் பதிவுப் பிரிவை அணுகலாம். பெயர்களைப் பிறகு கொடுக்கலாம் என்பதுதான் அதில் உண்மையான வசதி. விலை குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கூகுள் ஃபிளைட்ஸில் "ஒருவழி" என்று வைத்து, புறப்படும் இடத்தில் ஜேஎஃப்கே, நுவார்க், பாஸ்டன், வாஷிங்டன் டல்லஸ் எல்லாவற்றையும், சேருமிடத்தில் பார்சிலோனா, மாட்ரிட், லிஸ்பன் மூன்றையும் ஒன்றாகப் போடுங்கள். தேதி நாட்காட்டியைத் திறந்து முன்பின் நாலு நாளைப் பாருங்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை புறப்படும் விமானங்களில் விலை பொதுவாகக் குறைவு. விலைக் கண்காணிப்பை இயக்கி வையுங்கள். கிடைத்ததை விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். புறப்பாட்டுக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது நேரடியாக வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம் என்பது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதி. 'பேசிக் எகானமி' என்ற அடிமட்டக் கட்டணத்துக்கு ஒரு படி மேலான சாதாரண எகானமி கட்டணத்தில் பெரிய அமெரிக்க நிறுவனங்கள் மாற்றக் கட்டணம் வாங்குவதில்லை; விலை இறங்கினால் வித்தியாசத்தைக் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளலாம். பேசிக் எகானமியில் இது கிடையாது. அதில் பெட்டிக்கும் தனியாகக் கட்ட வேண்டும். பட்டுப்புடவையும் கோட்டும் வைத்த பெட்டியோடு இரண்டு வாரத்துக்குப் போகிறவருக்கு அந்த மலிவு மலிவே அல்ல.

இந்தத் தேடலைக் கேபின் பிடிக்கும் அன்றே முடித்துவிட முடியாது. கப்பல்கள் ஒன்றரை, இரண்டு ஆண்டு முன்னதாக விற்பனைக்கு வருகின்றன. விமான நிறுவனங்கள் ஏறத்தாழ 11 மாதத்துக்கு முன்புதான் இருக்கைகளைத் திறக்கின்றன. எனவே இந்த ஆண்டின் அதே வாரத்து விலையை எடுத்து, அதன் மேல் கொஞ்சம் கூட்டி மதிப்பீடாகச் சொல்லுங்கள். அந்த வாரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. விமானங்களின் கோடைக்கால அட்டவணை அக்டோபரின் கடைசி ஞாயிறுக்கு முந்தைய சனிக்கிழமையோடு முடிகிறது; 2026-இல் அது 24-ஆம் தேதி. கோடையில் மட்டும் ஓடும் நேரடி விமானங்கள் பலவும் அதையொட்டி நின்றுவிடும். செப்டம்பர் விலையைப் பார்த்து நவம்பர் கப்பலுக்குக் கணக்குப் போட்டால் கணக்கு உதைக்கும்.

ஆரம்பத்திலேயே முடிவு செய்ய வேண்டியது துறைமுகம். பார்சிலோனா, லிஸ்பன் இரண்டிலும் விமான நிலையமும் துறைமுகமும் ஒரே நகரத்தில். "ரோம்" என்று விளம்பரப்படுத்தும் சிவிடாவெக்கியா, ரோம் நகரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ரயில் இருக்கிறது, சமாளிக்கலாம். "வெனிஸ்" என்பதில் கவனம் தேவை. 2021 ஆகஸ்டு முதல் பெரிய கப்பல்கள் வெனிஸின் ஜூதெக்கா கால்வாய்க்குள் வர முடியாது. பல கப்பல்கள் ரவென்னாவிலோ திரியெஸ்டேயிலோதான் நிற்கின்றன. கேபினில் நூறு டாலர் மிச்சம் பிடித்துவிட்டு, ரவென்னாவுக்கு இரண்டு விமானமும் ஒரு பேருந்தும் மாறிப் போவதில் அதைப்போல் இரு மடங்கு விடுவது வீண்.

லண்டனுக்கோ டப்ளினுக்கோ மலிவாகப் போய், அங்கிருந்து ரயன்ஏர், வூலிங், ஈஸிஜெட்டில் பார்சிலோனா போகும் வழி நல்ல வழிதான். ஆனால் அவை இரண்டு தனித்தனி டிக்கெட்டுகள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்குக் கட்டிய பணம் போயிற்று. யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பெட்டியை எடுத்து, குடிநுழைவைக் கடந்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். லண்டனில் குடிநுழைவைக் கடக்க அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர்களுக்கு 2025 ஜனவரி முதல் மின்னணுப் பயண அனுமதி தேவை; இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் பிரிட்டன் விசா விதிகளைத் தனியாகப் பார்க்க வேண்டும். ரயன்ஏரின் அடிப்படைக் கட்டணத்தில் இருக்கைக்கு அடியில் வைக்கும் சிறு பை மட்டுமே இலவசம். இந்த வழியைச் சொல்வதானால் இடையில் ஓர் இரவு தங்கும் செலவையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கப்பல் நிறுவனங்களே விமான டிக்கெட் விற்பதை நீங்கள் பலரும் கவனிப்பதில்லை. பிரின்சஸின் ஈஸிஏர், ஹாலண்ட் அமெரிக்காவின் ஃபிளைட் ஈஸ், ராயல் கரீபியனின் ஏர்2சீ போன்றவை விமான நிறுவனங்களோடு மொத்தமாக ஒப்பந்தம் பேசியவை. பொதுச் சந்தையில் இல்லாத ஒருவழிக் கட்டணம் அவர்களிடம் கிடைப்பதுண்டு. பெரிய நிறுவனங்களின் ஒருவழி விலை ஏறி நிற்கும் நாளில் எங்கள் முதல் கதவு இதுதான். அங்கே டிக்கெட் இரண்டு வகை. ஒன்று, கப்பலுக்கு மீதிப் பணம் கட்டும் நாள்வரை ரத்து செய்யக்கூடியது. மற்றது, வாங்கியதும் கை கழுவியது. முதல் வகையை எடுத்து வைத்துவிட்டு, வெளியே விலை இறங்கினால் மாறிக்கொள்ளலாம். மீதிப் பணம் கட்டும் நாள் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு மூன்று மாதம் முன்பு வரும். அதற்கு முன் கப்பல் நிறுவனம் துறைமுகத்தை மாற்றவும்கூடும். பத்து மாதம் முன்பே திரும்பப் பெற முடியாத டிக்கெட்டை வாங்கச் சொல்லி உறுப்பினர்களை விரட்டாதீர்கள்.

விமான நிறுவனங்களின் வெகுமதி மைல்கள் சேர்த்து வைத்திருக்கும் தம்பதிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. மைல் டிக்கெட்டில் ஒருவழிக்குத் தண்டனை கிடையாது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்ற சில நிறுவனங்களின் விமானங்களில் மைலோடு சேர்த்து வாங்கும் எரிபொருள் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்பது பேர் குழுவுக்கு இது உதவாது.

இன்னொரு யோசனை எல்லாக் கூட்டத்திலும் எழும்: "ரிட்டர்ன்தானே மலிவு, அதை வாங்கித் திரும்பும் பாதியை விட்டுவிட்டால் என்ன?" பல விமான நிறுவனங்களின் பயண ஒப்பந்தம் இதைத் தடை செய்கிறது. கண்டுபிடித்தால் மைல் கணக்கை முடக்கலாம், கட்டண வித்தியாசத்தைக் கேட்கலாம். முகவர் வழியாக வாங்கியிருந்தால் அவருக்கு அபராதம் போகும். தனி ஒருவர் தன் பொறுப்பில் செய்வது வேறு. சங்கத்தின் பெயரில் நாற்பது பேரைச் செய்யச் சொல்வது வேறு. தயவுசெய்து பரிந்துரைக்காதீர்கள். முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியில் ஏறலாம் என்று நினைப்பவர்களையும் எச்சரியுங்கள். முதல் விமானத்தில் ஏறாவிட்டால் மீதி முழுவதும் தானாக ரத்தாகிவிடும். வசந்தத்தில் ஒரு கப்பலில் போய், அந்த ஆண்டே இலையுதிர் காலத்தில் இன்னொன்றில் திரும்புகிறவர்களுக்கு நேர்மையான வழி உண்டு. ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா வந்து, மறுபடி ஐரோப்பா போகும் ரிட்டர்ன் டிக்கெட்டாக அவர்கள் வாங்கலாம். இரண்டு கடல் பயணத்துக்கும் நடுவில் அது கச்சிதமாக உட்காரும். இரு பாதியும் பயன்படும்.

ஊரிலிருந்து பெற்றோரைக் கப்பலில் ஏற்றி அமெரிக்கா அழைத்துவர விரும்புகிறவர்கள், சென்னை–பார்சிலோனா, மியாமி–சென்னை என்று பல நகரப் பயணமாகத் தேட வேண்டும். நடுவில் உள்ள கடல் வழியை விமானக் கணினி தரைவழியாகவே எடுத்துக்கொள்ளும். கட்டண விதி அனுமதித்தால் ரிட்டர்ன் விலையே கிடைக்கும். எல்லா நிறுவனமும் ஏற்பதில்லை. வளைகுடா நிறுவனங்களின் இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்க விசாவோடு ஷெங்கன் விசாவும் தேவை. கப்பல் நடுவில் காசாபிளாங்கா போன்ற மொராக்கோ துறைமுகத்தைத் தொட்டுவிட்டு மீண்டும் ஸ்பெயினின் கேனரித் தீவுகளுக்குப் போவதானால், ஒருமுறை நுழைவு விசா போதாது. பல நுழைவு என்று விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டும் கிரீன் கார்டும் வைத்திருக்கும் உங்கள் உறுப்பினர்களுக்கும் இதே ஷெங்கன் விதிதான்.

கப்பல் புறப்படும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே துறைமுக நகரம் சேர வேண்டும் என்று அறிவிப்பிலேயே எழுதுங்கள். அமெரிக்காவிலிருந்து ஐரோப்பா போகும் விமானங்கள் பெரும்பாலும் இரவில் கிளம்பி மறுநாள் காலை இறங்குபவை. ஐந்தாம் தேதிக் கப்பலுக்கு இரண்டாம் தேதி இரவே ஏறினால்தான் மூன்றாம் தேதி போய்ச் சேர முடியும். சாதாரணக் கப்பல் பயணத்தில் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்தில் பிடிக்கலாம். இதில் மலாகா, டெனரீஃப், ஃபுன்சால் என்று ஒன்றிரண்டு நிறுத்தம்தான். அதையும் விட்டால் ஆறேழு நாள் வெறும் கடல்.

கிழக்கு நோக்கிப் போகும் வசந்தக் கப்பல் சவுத்தாம்டனில் முடிந்தால், வீடு திரும்பும் விமானத்துக்குப் பிரிட்டனின் விமானப் பயணி வரி சேரும். 2026 ஏப்ரல் முதல் நியூயார்க் தூரத்துக்கு எகானமியில் தலைக்கு 102 பவுண்டு. பிரீமியம் எகானமியில் 244. தனி டிக்கெட்டில் டப்ளின் போய் அங்கிருந்து பறந்தால் பிரிட்டனை விட்டுக் கிளம்புவதற்கு 15 பவுண்டுதான். அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையும் டப்ளினிலேயே முடிந்துவிடும். ஓட்டல் செலவு அந்த மிச்சத்தை விழுங்காதா என்று பார்த்துச் செய்யுங்கள்.

உங்கள் அடுத்த அறிவிப்பில் கேபின் விலைக்குக் கீழே இவற்றையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்: உறுப்பினர்கள் அதிகமாக வசிக்கும் இரண்டு மூன்று ஊர்களிலிருந்து அந்த வாரத்துக்கான ஒருவழி டிக்கெட்டின் மதிப்பீடு, அதைப் பார்த்த தேதி, பெட்டிக் கட்டணம், இரண்டு இரவு ஓட்டல், விமான நிலையத்திலிருந்து துறைமுகம் போகும் செலவு, இறங்கும் துறைமுகத்திலிருந்து வீடு திரும்பும் உள்நாட்டு டிக்கெட். கப்பல் காலையில் தாமதமாகக் கரை சேர்வதும் உண்டு என்பதால் அந்த உள்நாட்டு விமானத்தை நண்பகலுக்குப் பிறகு வைக்கச் சொல்லுங்கள். கப்பல் பதிவின் உறுதிச்சீட்டை ஒவ்வொருவரும் தாளில் அச்சிட்டுக் கையில் வைத்திருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். ஒருவழி டிக்கெட்டோடு செக்-இன் செய்யப் போகிறவரிடம் "ஐரோப்பாவை விட்டு எப்படித் திரும்புவீர்கள்" என்று கேட்டால், காட்டுவதற்கு வேறு ஆதாரம் அவரிடம் இருக்காது.

அன்புடன்,
சங்க உறுப்பினர்களுக்கு விமான டிக்கெட் பார்த்துத் தரும் தன்னார்வலர்கள்