பக்கத்தை விட்டு வெளியே வந்து படிக்கட்டும்

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததென்று ராஜி சொன்னாள்; மகிழ்ச்சி. உன் கடிதத்துக்கு நிதானமாகப் பதில் எழுதலாம் என்றிருந்தேன். அதற்குள் இப்படி ஒன்று நடந்துவிட்டது.

என் முதலாண்டு மாணவி ஒருத்தி, மத்திய அரசின் கல்வி உதவித்தொகை என்று நம்பி, ஓர் இணையதளத்தில் ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் கொடுத்து, பதிவுக் கட்டணம் என்று 500 ரூபாயும் கட்டிவிட்டாள். அந்தப் பக்கத்தை அவள் கைப்பேசியில் பார்த்தேன். மேலே அசோகச் சின்னம், நடுவே பிழையே இல்லாத ஆங்கிலம். முகவரியில் 'கவ்' (gov) என்ற எழுத்துகள் இருந்தன. ஆனால் அதையடுத்துப் புள்ளிக்குப் பதிலாக ஒரு சிறு கோடும் வேறொரு சொல்லும் வந்து, கடைசியில் வெறும் 'டாட் இன்' என்று முடிந்தது. 'கவ் டாட் இன்' அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுவது, வெறும் 'டாட் இன்' பணம் கட்டும் எவருக்கும் கிடைப்பது என்பதையும், தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்கக் கட்டணமே இல்லை என்பதையும் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறோம்.

நம் ஆங்கில வகுப்பில் முதலில் இலக்கணம் வரட்டும், இணையதளங்களை எடைபோடுவதைப் பிறகு பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டுக் கேள். ஆங்கிலத்திலேயே வளர்ந்தவன் சில வேளை ஒரு பக்கத்தின் நடையைக் கொண்டே அதைச் சந்தேகித்துவிடக்கூடும். நம் பிள்ளைகளுக்கு எல்லா ஆங்கிலமும் ஒரே கனத்துடன்தான் தெரிகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், அகராதியைப் புரட்டிப் புரட்டிப் பாடுபட்டுப் புரிந்துகொண்ட ஒன்றை நம்பாமல் இருக்க அவர்களுக்கு மனம் வருவதில்லை என்பது.

கலிஃபோர்னியாவின் சிக்கோ பல்கலைக்கழக நூலகத்தார் தகவலை எடைபோட 2004இல் வகுத்த, காலம், பொருத்தம், அதிகாரம், துல்லியம், நோக்கம் என்ற ஐந்து அளவுகோல்களைத்தான் நீயும் நடத்துகிறாய். நல்ல அளவுகோல்கள்தாம், ஆனால் அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர் அந்தப் பக்கத்துக்குள்ளேயே சுற்றிவருகிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வைப் படித்துப் பார். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்களும் அந்தப் பல்கலைக்கழக மாணவர்களும்கூடப் பல நேரம் பக்கத்தின் தோற்றத்தில் ஏமாந்தார்கள். தகவல் சரிபார்ப்பாளர்களோ வந்த வேகத்தில் அதைவிட்டு வெளியேறி, உலாவியில் புதிய தாவல்களைத் (tabs) திறந்து, அதன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று மற்றவர்கள் சொல்வதைத் தேடினார்கள். குறைவாகப் படித்தே சரியான முடிவுக்கு வந்தார்கள். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான வழி ஏது?

அந்தத் தேடலைத் தமிழிலேயே தொடங்கச் சொல்கிறேன். சென்ற வாரம், அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் மரமேறும் ஆக்டோபஸ் வாழ்வதாக 1998 முதல் இணையத்தில் உலவிவரும் புனைவுத் தளத்தை வகுப்பில் காட்டினேன். எல்லோரும் கடினமான சொற்களுக்கு அடிக்கோடிட்டுக்கொண்டிருக்க, கடைசி வரிசைப் பையன் ஒருவன் தமிழ் விக்கிப்பீடியாவைத் திறந்து, "ஐயா, இது கடல்வாழ் உயிரியாச்சே!" என்றான். பிறகு அவனே அந்தத் தளத்தின் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சிட்டு, அது புனைவு என்று கூறும் கட்டுரையைக் கண்டெடுத்து, இரண்டு பத்திகளை யாரும் சொல்லாமலே படித்து முடித்தான். இலக்கண வகுப்பில் அவன் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

ஆகவே உன்னிடம் உரிமையோடு கேட்கிறேன்: பாடத்திட்டக் குழுவில் நீ இருக்கும்போதே, வாரம் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கித் தா. மறுப்பதென்றால் காரணத்தை எழுது. ராஜியிடம் சொல்லி அனுப்பாதே.

அன்புடன்,
செல்வம்