மனநல மதிப்பீட்டை அட்மிஷன் நாளில் வைக்காதீர்கள்

தமிழ்நாட்டில் எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் மருத்துவ உளவியலாளர்கள் எழுதுவது.

இதய ஃபிட்னஸ், மயக்க மருந்து ஃபிட்னஸ் வரிசையில் எங்கள் கையெழுத்தையும் அட்மிஷன் அன்று கேட்கிறீர்கள். அதற்குள் பணம் கட்டி, லீவும் போட்டாகிவிட்டது. அறுவையைத் தள்ளிவைக்கக்கூடிய எதையும் நோயாளி வாய்திறந்து சொல்ல மாட்டார். 6 வாரம் முன்பே அனுப்புங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கினால் பலன் தெரியவே 4 முதல் 6 வாரம் ஆகும்.

ஒரு மணி நேரமாவது தேவை, அதில் பாதி நோயாளியுடன் தனியாக. மனைவி பக்கத்திலிருக்கக் குடியைப் பற்றிக் கேட்டால் 'எப்பவாவது' என்றுதான் பதில் வரும். இரைப்பை பைபாஸ் அறுவைக்குப் பிறகு மது ரத்தத்தில் வேகமாகவும் கூடுதலாகவும் ஏறும். 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் குடிச்சிக்கல் கூடியது முதல் ஆண்டில் அல்ல, இரண்டாம் ஆண்டில்.

'எவ்வளவு சாப்பிடுவீர்கள்' என்ற கேள்வியால் பயனில்லை. நேற்றுக் காலைக் காபி முதல் இரவு வரை வரிசையாகச் சொல்லச் சொல்ல வேண்டும். நிறுத்த முடியாமல், ஒளித்து வைத்துச் சாப்பிடுவது வாரம் ஒருமுறையாவது, 3 மாதமாக நடந்தால் அதற்குத் தனிச் சிகிச்சை வேண்டும். இரைப்பை சுருங்கினாலும் ஐஸ்கிரீமும் மிக்சரும் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க உள்ளே போகும், எடை திரும்பும்.

மனச்சோர்வுக்கான 9 கேள்விப் படிவத்தில் கூட்டுத்தொகை குறைவாக இருந்தாலும், தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்வியின் பதிலைத் தனியாகப் பாருங்கள். இருமுனை மனநோய்க்கு லித்தியம் மருந்து எடுப்பவருக்கு அறுவைக்குப் பின் நீர்ச்சத்து குறைந்தால் மருந்து நச்சளவை எட்டலாம். ரத்த அளவை அடிக்கடி பார்க்க வேண்டும். மெதுவாகக் கரையும் மாத்திரைகளை மாற்ற வேண்டியிருக்கலாம்.

வரன் பார்க்கிறோம் என்று பெற்றோர் அழைத்துவரும் பெண்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் கருத்தரிக்கக் கூடாது, சத்து மாத்திரை ஆயுளுக்கும் உண்டு என்பதை அவரே தம் வாயால் விளக்கிச் சொல்லட்டும். அம்மா சொன்னால் அது சம்மதம் ஆகாது.

பெரும்பாலோரை நாங்கள் தடுப்பதில்லை. தீவிர மனச்சிதைவு, கட்டுப்படாத குடி, தற்கொலை எண்ணம் இருந்தால் மட்டும் சிகிச்சை முடியும்வரை தள்ளிவைக்கச் சொல்வோம்.

அறுவைக்குப் பிறகு 3, 6, 12, 18, 24ஆம் மாதச் சந்திப்புகளையும் பேக்கேஜ் கட்டணத்திலேயே சேர்த்துவிடுங்கள். தனிக் கட்டணம் என்றால், எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது யாரும் வர மாட்டார்கள்.