சேகரத்துல இருந்தா தியாலஜி துருப்பிடிச்சிரும்னு சொன்ன மருமகனுக்கு

மருமகனே,

போன வாரம் சாப்பிட்டுக்கிட்டே ஒண்ணு சொன்னியே, சில சபைங்க சேந்த இந்தச் சேகரத்துலயே போதகராக் கிடந்தா பிடில (போதகர் படிப்புல) படிச்ச தியாலஜி, அதான் இறையியல், எல்லாம் துருப்பிடிச்சிரும், அதுக்கு மேல எம்டிஹெச் முடிச்சு எங்கயாவது போதகருங்களுக்குப் பாடம் நடத்துற செமினரில வாத்தியாராப் போயிரணும்னு. உங்க அத்தை பக்கத்துலயே நின்னு ரசம் ஊத்திக்கிட்டு இருந்தா, நான் வாயத் திறக்கல. இப்ப எழுதுறேன்.

உன் பாடு தெரியாம இல்ல. 12 வருஷம் சேகரக் கமிட்டில இருந்தவன் நான். திங்கக்கிழமை கட்டிட நிதி, செவ்வாக்கிழமை வீட்டு ஜெபம், நடுவுல ஒரு சாவு, டயோசிஸ்ல, அதான் திருமண்டலத்துல, எலெக்‌ஷன் வந்துட்டா யாரு எந்த அணின்னு பாத்துப் பாத்து சிரிக்க வேண்டியது வேற. பைபிளத் தவிர வேற புஸ்தகம் கையில இருந்தா போதகர் ஐயருக்கு வேலையில்ல போலன்னு பேசுற ஜனம்தான் நாங்க, அதுல நானும் சேத்திதான்.

ஆனா நீ பரீட்சைக்குப் படிச்ச, அந்தக் காலத்துப் பெரிய இறையியல் அறிஞர் அகஸ்டின் கதை ஞாபகம் இருக்கா? 391-ல ஹிப்போங்கிற ஊருக்கு, இப்ப அல்ஜீரியால இருக்கு, சும்மா போனவர கோயில்ல இருந்த ஜனமே பிடிச்சு இழுத்துட்டுப் போயி குருப் பட்டம் கொடுக்க வச்சிட்டாங்க. மனுஷன் அழுதிருக்காரு. அதப் பாத்துட்டு சிலபேரு, பிஷப் ஆக்காம வெறும் குருவா ஆக்கிட்டோம்னு அழுறாரு போலன்னு ஆறுதல் சொன்னாங்களாம் (நம்ம ஊரு ஜனந்தான் அங்கயும் இருந்திருக்கு). அப்புறம் அவர் செஞ்ச முதல் காரியம், பிஷப் வலேரியுசுக்கு லெட்டர் போட்டு, வேதத்தப் படிக்க ஈஸ்டர் வரைக்கும் லீவு கேட்டது. கேட்டது லீவுதான், ஊர விட்டு ஓடல. கொஞ்ச வருஷத்துல அவரே பிஷப். காலைல உக்காந்து சொத்துத் தகராறு பஞ்சாயத்து, அப்புறம் பிரசங்கம், மிச்ச நேரத்துலதான் நீங்க இன்னைக்கு ஃபுட்நோட் போடுற அத்தனையும் எழுதினது. 430-ல சாகுற வரைக்கும் அதே ஊருதான்.

போன நூற்றாண்டுப் பெரிய இறையியல் அறிஞர் கார்ல் பார்த்தும் அப்படித்தான். 1911-ல இருந்து 10 வருஷம் சுவிட்சர்லாந்துல சாஃபன்வில்னு ஒரு சின்ன ஊருக்குப் போதகர், சபைல நிறைய பேரு மில் வேலைக்குப் போறவங்க. 1914-ல யுத்தத்துக்கு ஆதரவா அவரோட வாத்தியாருங்களே கையெழுத்து போட்டுட்டாங்க, அவங்ககிட்ட படிச்சத வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழமை புல்பிட்ல ஏறி என்னத்தச் சொல்றதுன்னு திணறித்தான் பைபிள்ல இருக்கிற ரோமர் நிருபத்த எடுத்து விளக்கம் எழுத உக்காந்தாரு. புஸ்தகம் வந்தப்புறம்தான் 1921-ல யுனிவர்சிட்டி கூப்பிட்டுச்சு. பிஹெச்டியும் கிடையாது அவருக்கு, இத உங்க அம்மாகிட்ட சொல்லிராத.

நம்ம பக்கத்து ஆளு ஒருத்தரையும் சொல்றேன். மதுரை அரசரடி செமினரில பாடம் நடத்தின தியாஃபிலஸ் அப்பாவு, பறட்டை அண்ணன்னு சொன்னாத்தான் நிறைய பேருக்குத் தெரியும். நாட்டுப்புற மெட்டுல, பேச்சுத் தமிழ்ல, பறையோட பாடுற மாதிரி பாட்டும் ஆராதனையும் எழுதினாரு. ஒரே உலைல பொங்கி எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறதத்தான் அவர் தியாலஜியாவே பேசினாரு. செமினரி வேண்டாம்னு நான் சொல்லல, அவரே செமினரி வாத்தியார்தான், ஆனா பாட்டு கிராமத்து ஜனத்தோட வாயில ஏறணும்னுதானே எழுதினாரு.

நம்ம கோயில் விருந்து, அசனத்த நெனச்சுப் பாரு. ஒரே அண்டாச் சோறு, எல்லாரும் தரைல வரிசையா உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் எந்திரிக்கிறோம், மறுநாள் பொண்ணு பாக்கப் போகும்போது மட்டும் கிறிஸ்தவன்னா போதாது, என்ன ஆளுகன்னு கேக்கிறோம். இதுக்கு நீ பேப்பர் எழுதினா முப்பது பேரு படிப்பாங்க, புல்பிட்ல சொன்னா பாதிப்பேரு மூஞ்சியத் திருப்புவாங்க. அந்தத் திருப்புன மூஞ்சிங்களுக்குத்தானே நீ பதில் தேடணும்?

அப்புறம் அந்தக் கடைசி வீட்டுப் பாட்டி. மவன் மருந்தக் குடிச்சுச் செத்தப்ப, அவன கல்லறைத் தோட்டத்துல ஓரமா வைங்கன்னு கமிட்டில ஒருத்தர் சொன்னாரு, நாங்க எல்லாரும் வாய மூடிக்கிட்டு இருந்தோம், நானுந்தான். இன்னைக்கும் அந்தப் பாட்டி ஞாயித்துக்கிழமை என்னப் பாத்தா ஒரே கேள்விதான் கேக்குது, "அவன் எங்க இருக்கான்யா?" எனக்குப் பதில் தெரியல. உன் அலமாரில இருக்கிற தடி தடி புஸ்தகத்துல இருக்கலாம், ஆனா அதப் பாட்டிக்குப் புரியிற மாதிரி யாரு சொல்றது?

போறதுன்னா போ, தடுக்கல. ஆனா முதல்ல படிக்கிறதுக்கு மூணு மாசம் லீவு கேட்டுப் பாரேன், கமிட்டில இன்னும் எனக்கு நாலு பேரத் தெரியும், பேசுறேன். லெட்டர எழுதி முதல்ல எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பு. போன தடவை பேராயருக்கு எழுதினதுல வல்லின றவப் போட்டு வச்சிருந்த.

மாமா

(அந்தப் பாட்டி வீட்டுக்கு இந்த வாரம் ஒரு எட்டு போயிட்டு வா.)